புன்னக்காயலிலிருந்து தெற்கே

ஏரலில் இருந்த ஷம்ஸியாவும், சவூதியின் தமாமில் கிடங்கு வேலை பார்த்த அவள் கணவன் உசாமாவும் வெள்ளிக்கிழமைதோறும் போனில் கடற்கரையை அளந்தார்கள். தாமிரபரணி கடலில் விழும் புன்னக்காயலில் தொடங்கி, கன்னியாகுமரி வரை மணலிலேயே நடப்பது என்று திட்டம். ஒரே மூச்சில் முடியாது; அவன் லீவில் வரும்போதெல்லாம் ஒரு பகுதி. முதல் லீவில் திருச்செந்தூர் வரை, இரண்டு நாள். அடுத்ததில் மணப்பாடு, அப்புறம் உவரி.

“ஆறு லீவு ஆகும்போலயே,” என்றாள் ஷம்ஸியா.

“ஆகட்டும். அதுக்குள்ள நான் ஒரேயடியா ஊருக்கு வந்துருவேன்.”

ஜனவரி பன்னிரண்டு, காலை ஆறு மணி என்று முடிவானது. அவள் தினமும் ஆற்றுப் பாலம் வரை நடந்து கால்களைப் பழக்கினாள்.

நவம்பர் கடைசியில் உசாமா கிடங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மவுத்தாகிவிட்டான். அங்கேயே அடக்கம் செய்தார்கள். போனில் வந்த படத்தில் ஒரு மண்மேடும் ஒரு கல்லும்தான் இருந்தன.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா, நான்கு மாதம் பத்து நாள். அதற்குள் ஜனவரி பன்னிரண்டு வந்தது. அன்று விடியுமுன் எழுந்த ஷம்ஸியா, ஜன்னலை அடைத்துவிட்டு, ஒன்பது மணி வரை அறைக்குள் சுவரோரமாகவே நடந்தாள்.

இத்தா முடிந்த வாரம், அக்கா ஜனாபாவைக் கூட்டிக்கொண்டு புன்னக்காயலுக்கு பஸ் ஏறினாள்.

மணலில் கால் புதைந்தது. கொஞ்ச தூரத்திலேயே அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

“பைய நடட்டி. மாப்பிள்ளன்னா உன் வேகத்துக்கு நடந்திருப்பாவ. என்னால முடியல.”

ஷம்ஸியா நின்றுவிட்டாள். பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் ஊரில் இருந்தது எல்லாம் சேர்த்துப் பதிமூன்று மாதம். வெளியே போனதெல்லாம் பைக்கில்.

“ராத்தா, அவிய வேகமா நடப்பாவளா, பைய நடப்பாவளா? எனக்குத் தெரியலயே.”

அப்படியே மணலில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமும் வராத அழுகை அப்போது வந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியதும் இருவரும் எழுந்து, காயல்பட்டினம் வரை நடந்தார்கள்.

“நாளைக்குத் திருச்செந்தூர் போவமா?” என்று பஸ்ஸுக்கு நிற்கையில் அக்கா கேட்டாள்.

“வேண்டாம் ராத்தா. என்னால ஆகாது,” என்றாள் ஷம்ஸியா. ஏரல் பஸ் வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.