பதினாறு அங்குல மேசை

மூன்றாம் மாடி வீட்டின் உள்ளறை ஆண்டுக்கு ஓர் அங்குலம் வீதம் சுருங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் இருந்த சுவர் மட்டும்தான் உள்ளே வந்தது. மற்ற மூன்றும் நின்ற இடத்தில் நின்றன. குடியிருப்பு அலுவலகத்திலிருந்து வந்த எஞ்சினியர் உள்ளே ஒரு முறையும் வெளியே ஒரு முறையும் அளந்து பார்த்தார். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, காரணம் என்ற கட்டத்தில் 'ஈரக்கசிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். முதல் சில ஆண்டுகள் அந்த வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீரோவைக் கூடத்துக்கு மாற்றினார்கள். பிறகு தையல் மிஷினை மாற்றினார்கள். நாற்காலியைக் கீழ்வீட்டு டியூஷன் டீச்சருக்குக் கொடுத்தார்கள். கதவை ஆசாரி இரண்டு முறை அறுத்துக் குறுக்கினார். மூன்றாவது முறை வந்தபோது, "இதுக்கு மேல அறுத்தா இது கதவு இல்லைங்க, பலகை" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்த அறைக்குள் எல்லோரும் பக்கவாட்டில் நடந்துதான் போனார்கள்.

அந்த அறையில் அக்கா இருந்தார். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் கட்டடம் முழுவதும் அவரை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றே அழைத்தது. கண் டாக்டரைப் பார்க்க மூன்று நாளைக்கென்று தம்பி வீட்டுக்கு வந்தவர், பதினோரு ஆண்டுகளாக இருந்தார். தம்பி, பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடமொன்றில் லிஃப்ட் இயக்குபவன்; காலையிலிருந்து மாலைவரை நாலு பேர் நிற்கும் பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சுருங்கும் வீட்டுக்குத் திரும்பி வருவான். அவன் மனைவி துணிக்கடையில் அளந்து கிழித்துக் கொடுப்பவள். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு துண்டுகூட அவள் கையில் குறைந்ததில்லை, கூடியதுமில்லை. அவளுக்கும் அக்காவுக்கும் பேச்சு மிகச் சிக்கனம். அக்காவின் நாக்கு அப்படிப்பட்டது. சாப்பாடு கொண்டுபோனால், "வெச்சுட்டுக் கிளம்பு, காத்தை மறைக்காத" என்பார். அவளும் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகு சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் வரத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும், பன்னிரண்டு கட்டில் போட்ட அந்த வார்டு ஒரு நூலளவுகூடச் சுருங்கவில்லை. அரசாங்கம் பழைய காலத்தில் கெட்டியாகக் கட்டியிருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வீடு திரும்பியதும் அவரைக் கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இருவரும் வேலைக்குப் போய் வந்த ஐந்தாம் நாளே கூடத்துச் சுவர் அசைந்து அலமாரிக் கதவு திறக்காமல் போனது. "ஒரு ரூம் போறது போகட்டும், இருக்கிற இன்னொண்ணையும் ஏன் பலி கொடுக்கணும், என்னை உள்ளயே கொண்டு போடுங்க" என்று அக்காதான் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தார்கள். மறுமாதம் முதல் தேதி தம்பியின் மனைவி கடை டேப்பைக் கொண்டுவந்து தலைமாட்டில் அளந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பதினேழு அங்குலம் இருந்தது. பதினேழு மாதத்தில் சுவர் கட்டிலைத் தொட்டுவிடும். அதற்கப்புறம் அங்கே கட்டிலும் அதன்மேல் படுத்திருப்பவரும் மட்டுமே மிச்சம். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன மேசை வாங்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள்.

மேசைக்கு உண்மையிலேயே தேவை இருந்தது. நாற்காலி போன பிறகு அக்காவின் கைக்கு எட்டும் இடத்தில் எதையும் வைக்க வழியில்லை. மருந்துச் சீட்டைத் தலையணைக்குக் கீழேயும், மூக்குக்கண்ணாடியை நெற்றியிலும், தண்ணீர் டம்ளரைக் கையிலும் வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் எந்த மேசை என்பதில் மூன்று பேருக்கு மூன்று கட்சி. தம்பி இரும்பு மேசை என்றான். அது சுவரைத் தாங்கிப் பிடிக்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அவன் மனைவி அகலத்தைத் தவிர வேறெதையும் காதில் வாங்கவில்லை. பழைய செய்தித்தாள்களை மேசைப் பலகை அளவுக்குக் கத்தரித்து இடைவெளியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். வட்டம் வீண், மூலை வீணாகும் என்றாள். அக்கா காகிதங்களைக் கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்து ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்தார். "இதுல கண்ணாடி வெச்சா டம்ளர் விழும். டம்ளர் வெச்சா நான் விழுவேன்." ஓரத்தில் ஒரு விளிம்பு வேண்டும், மாத்திரை உருண்டு ஓடக் கூடாது, உயரம் முழங்கைக்கு மேலே போகக் கூடாது, கீழே ஒரு தட்டு இருந்தால் தேவலை. மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போயின. கடைசியில் பதினாறு அங்குல அகலத்தில், விளிம்பும் கீழ்த்தட்டும் வைத்த ஒரு மர மேசை அகப்பட்டது. சின்ன வீட்டுக்கென்றே செய்தது என்றார் கடைக்காரர். தம்பி விஷயத்தை மறைக்காமல் சொன்னான். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரையானுக்கு கியாரண்டி உண்டு சார். சுவர் வந்து இடிச்சா நாங்க பொறுப்பில்ல" என்றார்.

மேசை சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தாமதமாக, தட்டையான ஓர் அட்டைப்பெட்டிக்குள் பிரிந்து படுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் இடைவெளி சரியாகப் பதினாறு அங்குலமாகியிருந்தது. அவள் தலைமாட்டில் மறுபடி அளந்து பார்த்தாள். நூல் பிசகாமல் பொருந்தும். அவளுக்கு அன்று வார விடுமுறை. கணவன் வேலைக்குப் போயிருந்தான். கதவு உள்பக்கம் திறப்பது என்பதால், அதைச் சாத்தினால்தான் கால்மாட்டில் தரை கிடைக்கும். சாத்திவிட்டு அங்கேயே பெட்டியைப் பிரித்தாள். பலகை, தட்டு, நாலு கால், எட்டு திருகு, வளைந்த சாவி ஒன்று, படம் போட்ட தாள் ஒன்று. தாளின் முதல் படத்தில் ஒரு மனிதர் தனியாக மேசை பூட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தது. பக்கத்துப் படத்தில் இருவர் சிரித்தபடி பூட்டினார்கள். அவள் தாளை மடித்துப் பெட்டிக்குள்ளேயே போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எதையும் இரண்டு பேராகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

மூன்று கால் நின்றது. நாலாவதைப் பூட்டும்போது முதல் கால் கழன்றது. அதைப் பூட்டும்போது மூன்றாவது விழுந்தது. அக்கா கட்டிலிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைத் தலைகீழா மாட்டியிருக்க."

"எனக்குத் தெரியும் அண்ணி."

"தெரிஞ்சேதான் மாட்டினியா?"

ஒரு வழியாகப் பூட்டி முடித்து, படுத்திருந்த மேசையை ஓர் அழுத்து அழுத்தி நிமிர்த்தினாள். அப்படியே தலைமாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவது அவள் திட்டம். மேசை நகரவில்லை. தூக்கினாள், வரவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, சீசாவில் அடித்த மூடி போல இறுகிவிட்டது. துணிக்கு இந்த முனையில் என்ன அகலமோ அந்த முனையிலும் அதே அகலம்தான். சுவருக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. அளந்தது தலைமாட்டில், நிமிர்த்தியது கால்மாட்டில். அங்கே சுவர் ஒரு நகக்கண் கூடுதலாக வந்திருந்தது. கதவை இழுத்தாள். அரை அங்குலம் திறந்து மேசைக்காலில் இடித்து நின்றது. காலைக் கழற்றலாம் என்று வளைந்த சாவியைத் தேடினால், மேசையோடு மல்லுக்கட்டிய வேகத்தில் அவள் காலே அதைக் கதவுக்கு அடியில் கூடத்துக்கு எத்திவிட்டிருந்தது. கதவடியில் விரலை விட்டுத் துழாவினாள்; எட்டவில்லை. போனும் கூடத்தில்தான் இருந்தது. மணி பத்தே முக்கால். கணவன் வர ஆறாகும். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். கீழே தெருவில் போன ஒருவர் அண்ணாந்து பார்த்து, மரியாதையாகக் கையசைத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு மூச்சு முட்டியது. நிற்க இடமில்லாமல் கட்டில் ஓரத்தில், அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள். பதினோரு ஆண்டுகளில் அவள் அங்கே உட்கார்ந்தது அதுவே முதல் முறை. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணி அடித்தது. அக்கா தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. தினம் இந்நேரத்துக்கு வரும். இன்னிக்குக் காணோம்."

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சுவர் பகலில்தான் நகரும். இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு பதினோரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டு படுப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். லீவு நாளிலும் இவள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் நேரம் பார்த்து வரும். அவள் திகைத்துப்போய், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னா என்ன பண்ணுவ? வேலையை விட்டுட்டு இங்க வந்து உக்காந்துக்குவ. உனக்கு அதுதான் புத்தி. அப்புறம் உன்னையும் சேர்த்துல்ல பூட்டின மாதிரி ஆயிரும்? நான் ஒருத்தி மாட்டிக்கிட்டது போதாதா?"

காற்றை மறைக்காதே என்று விரட்டியதெல்லாம் எதற்காக என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அக்காவின் பாதத்தைத் துணி மடிப்பது போல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா, "கால்ல அழுக்கு" என்றார்; ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மதியத்துக்கு அந்த ஒரு டம்ளர் தண்ணீரை இருவரும் பாதிப் பாதியாகக் குடித்தார்கள். அக்கா இணைப்பகத்துக் கதைகளைச் சொன்னார்; எந்த ஊர் லைனில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், யார் சமாதானமானார்கள் என்பது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவருக்கு அத்துப்படியாக இருந்தது. மூன்று மணி ஆனது. சுவர் வரவில்லை. நாலும் ஆனது. "உன்னைப் பாத்து வெக்கப்படுது போல" என்றார் அக்கா. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆறு மணிக்குத் தம்பி வந்தான். நிலைமை தெரிந்ததும் அவனையறியாமல் தொழில் வாய்க்கு வந்துவிட்டது. "பயப்படாதீங்க, காத்து வருது, கதவைத் தட்டாதீங்க, எத்தனை பேர் உள்ள இருக்கீங்க?"

"மூணு பேருடா. நான், இவ, இந்த மேசை" என்றார் அக்கா. அவன் சாவியைக் கதவடியில் தள்ளினான். ஒருவர் பலகையைத் தாங்கினால்தான் இன்னொருவர் காலைக் கழற்ற முடியும். மூன்று மாதமாகத் தானாக எழுந்து உட்காராத அக்கா, முழங்கையை ஊன்றிக் கால்மாடு வரை நகர்ந்து வந்து, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். தாளில் இருந்த படத்தைப் போலவே இருந்தது. சிரிப்புக்குப் பதில் முனகல், அவ்வளவுதான் வித்தியாசம். கால் கழன்றது, கதவு திறந்தது, மேசை தலைமாட்டுக்குப் போய் அங்கே கச்சிதமாக நின்றது. மறுநாள் இருவரும் வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது கால்மாட்டில் சுவர் ஒரு நூல் உள்ளே வந்திருந்தது.

அதற்கப்புறம் மறைத்துப் பயனில்லை. அவள் வேலையை விடத்தான் தயாரானாள். அக்கா சாப்பிட மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். அவள் கீழே இறங்கிப்போய் டியூஷன் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் வியப்பு எதுவும் காட்டாமல், "பதினொண்ணுன்னா எனக்கு ஒத்துவரும், மூணு மணிக்குப் பசங்க வந்துருவாங்க" என்றார். மூன்று மணியை, வாசலில் இஸ்திரி போடுபவர் எடுத்துக்கொண்டார். அந்நேரம் எப்படியும் பெட்டி ஆற வேண்டும். வந்தவர்கள் கால்மாட்டில் உட்கார்ந்தார்கள். அக்கா கையை நீட்டி அவர்கள் டீ டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தார். கையில் டம்ளரோடு இருப்பவர் கிளம்பும் நினைப்பிலேயே இருப்பார். அதை வைக்க ஓர் இடம் கிடைத்தால் இன்னும் அரைமணி பேசிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு சின்ன வேலைக்குத்தான் ஆண்டவன் அந்த மேசையை மூன்று மாடி ஏற்றினார் என்று அந்தக் கட்டடத்தில் பலர் நம்பினார்கள். இரும்பாக வாங்கியிருந்தாலும் அது தனியாக நின்று சுவரைத் தடுத்திருக்காது. ஆள் வர முடியாத நாட்களும் இருந்தன. மழை, காய்ச்சல், ஒரு முறை பஸ் வேலைநிறுத்தம். ஆறு ஆண்டுகளில் அவையெல்லாம் சேர்ந்து கால்மாட்டில் மட்டும் ஒன்றே கால் அங்குலம் ஆயின. கால்மாட்டில் தரை குறையக் குறைய, வருகிறவர்கள் காலைக் கட்டிலின்மேல் மடக்கி உட்காரப் பழகிக்கொண்டார்கள்.

ஆறாம் ஆண்டு, ஒரு முற்பகல், டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, "அந்தப் பையனுக்கு இன்னும் ரெண்டு மார்க் போடலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா இறந்துபோனார். தலைமாட்டுப் பக்கம் அப்போது சரியாகப் பதினாறு அங்குலம். டீச்சர் அந்த இரண்டு மார்க்கைப் போட்டார்.

பதினைந்து நாள் கழித்து, தன் வார விடுமுறையில், தம்பியின் மனைவி அந்தக் கட்டிலில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மூன்று மணியானபோது, பக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போன்ற சத்தத்தை முதன்முறையாகத் தன் காதாலேயே கேட்டாள். எழுந்து வெளியே போகலாம். கதவு திறந்தேதான் இருந்தது. அவளுக்கு எழுந்துகொள்ளத் தோன்றவில்லை. வந்தால் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அப்போது இஸ்திரிக்காரர் பக்கவாட்டில் உள்ளே நுழைந்தார்.

"அண்ணிதான் இல்லையேங்க" என்றாள் அவள்.

"தெரியும்மா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவர் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தார். சத்தம் நின்றது. புதிதாக வந்த துணிகள் சரியாக மடிவதில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அதற்குத் துணியைச் சொல்லிக் குற்றமில்லை, கிழிக்கிறவர்கள் நூலோட்டம் பார்ப்பதில்லை என்று அவள் பதில் சொன்னாள். அதில் இருவருக்கும் சின்ன வாக்குவாதம்கூட ஆனது. நாலு மணிக்கு அவர், பெட்டி ஆறிவிட்டது என்று எழுந்தார். மாடிப்படியில், டியூஷனைச் சீக்கிரம் முடித்துவிட்டு டீச்சர் ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.