கண்ணாடித் தம்ளர்

"மெழுகுவத்தி மட்டும் வேண்டாம்" என்றாள் அண்ணி. தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டே, கடையில் உப்பு வாங்கிவரச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

நான் என்ன செய்வேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வந்தால்தான் அறிவியல் தனிப் பாடம். முதல் நாள் பிள்ளைகளை அறிவியல் அறைக்கு வரிசையாகக் கூட்டிப்போய், ஜன்னலைச் சாத்தி, நீள மேஜையின்மேல் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்ப்பேன். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். யாரும் ஊதவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, பின்னே ஏன் அணைந்தது? அந்தக் கேள்விதான் என் வரவேற்புரை. 'அன்புக் குழந்தைகளே' என்று தொடங்குகிற பேச்சு எனக்கு வராது. பெரிய வகுப்புப் பிள்ளைகள், "மிளகா டீச்சர் மெழுகுவத்தி ஏத்துவாங்க பாரு" என்று சின்னதுகளுக்கு முன்கூட்டியே ஆசை காட்டி வைத்திருக்கும். மிளகாய் டீச்சர் நான்தான். அந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று அதுகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன, நினைக்கட்டும்.

இந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வந்திருப்பவர்களில் ஒருத்தி என் அண்ணன் மகள்.

அண்ணன் வெல்டர். அடுத்த தெருவில் ஒரு கட்டடத்துக்கு அடியில் மாதக்கணக்காக மூடிக்கிடந்த இரும்புத் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை அடைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். சாக்கடைக் குழி, எண்ணெய்த் தொட்டி என்றால் அவன் சட்டென்று இறங்கமாட்டான். நாற்றம் அடிக்கிறதா, புகைகிறதா என்று மோந்து பார்த்து, நாலு பேரைக் கேட்டுத்தான் காலை வைப்பான். இது வெறும் தண்ணீர்த் தொட்டி. தண்ணீரும் வற்றிவிட்டது, நாற்றமும் இல்லை. மூடியைத் திறந்து வைத்து ஒரு டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டான். உள்ளே சுவர் முழுக்க ஏறியிருந்த துரு, மூச்சுக்கு வேண்டிய காற்றை எப்போதோ காலி பண்ணி வைத்திருந்தது. நாற்றம் இல்லாத இடத்தில் ஆபத்து இல்லை என்று அவன் நினைத்த அந்த ஒரு நினைப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. செத்தவன்மேல் என்ன கோபம் என்று கேட்பார்கள். வரும், நன்றாகவே வரும்.

அன்று பள்ளி விடுமுறை. மதியச் சாப்பாட்டை எடுத்துப்போனவள் அவன் மகள்தான். தொட்டி வாயில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். போன தூக்குப் பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது. "அப்பா மேல வரல" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் ஓடியதும், ஆட்கள் வந்ததும், எல்லாம் ஆயிற்று.

வாய் ஓயாமல் பேசுகிறவள் என்பதால் அண்ணன் அவளை 'ரேடியோ' என்று கூப்பிடுவான். அந்த ரேடியோ அன்றோடு நின்றுவிட்டது. கேட்டால் பதில் சொல்லுவாள், சாப்பிடுவாள், வீட்டுப்பாடம் எழுதுவாள். தானாக ஒரு வார்த்தை கிடையாது. 'அப்பா' என்ற சொல்லே அவள் வாயிலிருந்து வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்பா தூங்கிவிட்டார், அப்பா நட்சத்திரமாகிவிட்டார் என்று காதில் பூச்சுற்றினார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவளிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லவிடாமல் அண்ணி காவல் காத்தாள்.

"ஏற்கனவே பாதிப் புள்ளதான் மிச்சம் இருக்கு" என்றாள் அண்ணி இப்போது. "அதையும் ஒடச்சிராத."

எனக்கும் அதே பயம்தான். மெழுகுவத்தி அணைவதைப் பார்த்து அவள் அந்தத் தொட்டியை நினைத்துக்கொண்டால், அப்புறம் அவளை எப்படித் தேற்றுவது? ஆனால் முதல் அறிவியல் வகுப்பிலேயே அவளுக்குத் தெரிய வேண்டியதை மறைத்துவிட்டு, வருஷம் முழுக்க எந்த முகத்தோடு பாடம் நடத்துவது? இரண்டு பக்கமும் இடித்தது. கடைசியில் அண்ணியின் பக்கம்தான் சாய்ந்தேன்.

"சரி அண்ணி. காந்தம் காட்டறேன்."

"சத்தியமா?"

"சத்தியமெல்லாம் கேக்காதீங்க. காந்தம்னா காந்தம்தான்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மறுநாள் காலை பிள்ளைகள் வாயில் விரலை வைத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். அறிவியல் அறைக்கு என்று ஒரு வாசனை உண்டு. ஸ்பிரிட்டும் பழைய மர அலமாரியும் கலந்த வாசனை. மூலையில் குழாய் எப்போதும்போலச் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குடுவைகளைப் பார்த்ததும் விரல்கள் வாயைவிட்டு இறங்கி எல்லாவற்றையும் தொடப் போயின. என் பார்வையைப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்கே ஏறின. என் மருமகள் முதல் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாகக் கடைசி பெஞ்சில் ஒடுங்குகிறவள்.

"இந்த ரூமுக்கு ஒரே ஒரு சட்டம்தான்" என்றேன். "ஏன்னு கேட்டா திட்டமாட்டேன். கேக்காம உக்காந்திருந்தாத்தான் திட்டுவேன்."

ஆணித் தட்டை எடுத்து வைத்து, காந்தத்தைக் காட்டினேன். ஆணிகள் தாவி ஒட்டிக்கொண்டதும் வகுப்பே மேஜைமேல் சரிந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போதுதான் முன்பல் இரண்டும் விழுந்த ஒருவன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், மெழுகுவத்தி எங்க? எங்க அக்கா சொன்னா."

"இந்த வருஷம் இல்ல."

"ஏன் டீச்சர்?"

நானே போட்ட சட்டம், என் கழுத்தையே பிடித்தது. என்ன சொல்லி மழுப்பலாம் என்று ஆணிகளைத் தட்டில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சின் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது.

"எனக்காகத்தான டீச்சர்?" என்றாள். வீட்டில் அத்தை, இங்கே டீச்சர். அது மட்டும் அவளுக்குத் தவறவே தவறாது. "நேத்து அம்மா சொன்னது கேட்டுச்சு. மெஷின் நின்னுருந்துச்சு."

அவள் தானாகப் பேசி அத்தனை நாளாகியிருந்தது.

"பாக்கணுமா?" என்றேன்.

"பாக்கணும்."

அண்ணிக்குக் கொடுத்த வார்த்தை நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் கேட்டது அவள். அலமாரியைத் திறந்து மெழுகுவத்தியை எடுத்தேன். ஏற்றுவதற்குள் இரண்டு தீக்குச்சி வீணாயிற்று. தம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் முதலில் நேராக நின்றது. பிறகு குள்ளமாகி, நீலமாகி, திரியோடு ஒட்டிக்கொண்டு, போய்விட்டது. உள்ளே ஒரு இழைப் புகை மட்டும் சுற்றியது.

"ஏன் அணஞ்சுது?" என்றேன். எல்லா வருஷமும் கேட்கிற அதே குரலில் கேட்கப் பார்த்தேன்.

"பயந்துருச்சு டீச்சர்."

"தூக்கம் வந்துருச்சு."

"கோச்சுக்கிச்சு" என்றான் பல் இல்லாதவன். "உள்ள போட்டு மூடினோம்ல, அதான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவமா டீச்சர்?" என்றாள்.

"இல்ல. காத்துல ஆக்சிஜன்னு ஒரு பங்கு இருக்கு. எரியறதுக்கும் அதுதான் வேணும், நாம மூச்சு விடறதுக்கும் அதுதான் வேணும். மெழுகுவத்தி உள்ள இருந்ததச் செலவு பண்ணிருச்சு. எரியற அளவுக்கு மிச்சம் இல்ல, அணஞ்சிருச்சு." நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தட்டில் கிடந்த ஒரு துருப்பிடித்த ஆணியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "இரும்பு துருப்பிடிக்கும்போதும் அந்தப் பங்கத்தான் எடுத்துக்கும். ரொம்ப நாள் மூடிக்கெடந்த இரும்புத் தொட்டியில அது மிச்சமே இருக்காது. பாத்தா தெரியாது. நாத்தமும் அடிக்காது."

அவள் ஆணியைத் திருப்பிப் பார்த்தாள். விரலில் செம்பழுப்பாக ஒட்டியது.

"அதுக்குள்ள போனவங்கள வெளிய நின்னு கூப்பிட்டா கேக்குமா?"

"ரொம்ப சீக்கிரம் மயக்கம் வந்துரும்மா. கேக்காது."

"பதில் சொல்லணும்னு நெனச்சா?"

"முடியாது."

"கோவத்துல பேசாம இருந்தா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை மாதமாக இந்தப் பிஞ்சு எதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறது என்று புரிந்தது. பிள்ளைகள் முன்னால் நான் அழுததே இல்லை, அன்றும் அழவில்லை. ஆனால் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"கோவப்படறதுக்கும் காத்து வேணும் கண்ணு" என்றேன். "அங்க அது இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். "அன்னிக்குக் காலைல அப்பாவோட முகமூடியில இருந்த கருப்புக் கண்ணாடிய நான் ஒடச்சிட்டேன். வேற கண்ணாடி மாட்டிக்கிட்டாரு. ஆனா திட்டினாரு. நான் கூப்பிட்டேன், வரல. கோவம்னு நெனச்சேன். இன்னும் சத்தமா கூப்பிட்டிருக்கணும்னு நெனச்சேன்." மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அப்பா என்று சொல்லிவிட்டாள். பல் இல்லாதவன் மெல்ல நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணியிடம் எப்படிச் சொல்லுவது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். ஒன்றும் பயன்படவில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் மருமகள் சமையலறைக்குள் போய் ஒரு மெழுகுவத்தித் துண்டும் கண்ணாடித் தம்ளருமாக வந்தாள். மெஷின் பலகையிலிருந்த துணியை ஒதுக்கிவிட்டு, "அம்மா, பாரு" என்றாள்.

அண்ணி என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் சாம்பலாகியிருக்க வேண்டும். "தீக்குச்சிய நான் பத்தவைக்கறேன்" என்று மட்டும் சொல்லி, ஏற்றினேன். மருமகள் தம்ளரைக் கவிழ்த்தாள்.

"இப்ப சின்னதாகும் பாரு. கோவம் இல்லம்மா. உள்ள காத்து இல்ல. அப்பாவுக்கும் அப்படித்தான். நான் கூப்பிட்டது கேக்கல. கண்ணாடி ஒடச்சேன்ல, அதுக்குக் கோவம்னு நெனச்சேன். கோவம் இல்ல."

சுடர் குள்ளமாகி நீலமாயிற்று. அணையப்போகிற நேரத்தில் அண்ணியின் கை பாய்ந்து தம்ளரைத் தூக்கிவிட்டது. சுடர் ஒரு தரம் தடுமாறி, எழுந்து நின்றது.

"கோவமா? உன்மேலயா?" அண்ணியின் குரல் உடைந்திருந்தது. "வாசல் தாண்டறதுக்குள்ள அத மறந்துட்டாருடி. திரும்பி வந்து என்ன சொன்னாரு தெரியுமா? மத்தியானம் சாப்பாட்ட ரேடியோகிட்ட குடுத்து அனுப்பு, சமாதானம் பண்ணிக்கறேன்னு சொன்னாரு."

நான் அதுவரை கேள்விப்படாத வார்த்தை. அண்ணி அதைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். அந்த வார்த்தையைக் கேட்டுத்தானே பிள்ளையைத் தொட்டிக்கு அனுப்பினாள். அவள் எதற்கு அப்படிக் காவல் காத்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளை உடைந்துவிடும் என்று மட்டும் இல்லை, தானே அனுப்பிவைத்தோமே என்ற உறுத்தலும்தான்.

"அப்பாவா என்னக் கொண்டுவரச் சொன்னாரு?"

"அப்பாதான்."

"என்னயவா?"

"உன்னயத்தான்டி. வேற யாரு இங்க ரேடியோ?"

பிள்ளை தாயின் மடியில் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினாள். அண்ணன் போன நாளிலிருந்து அதுவரை அவள் அழுததே இல்லை. அண்ணி ஒரு கையால் அவள் தலையை அணைத்துக்கொண்டாள். மற்றக் கையில் தம்ளர் அப்படியே இருந்தது, அதைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.