ஆறு வாட்

பூமாரி புது கம்ப்யூட்டர் வாங்கிய மூன்றாம் நாள் காலை, அவள் புருஷன் சுடலைராஜ் இரும்புக் கம்பியோடு கடைக்குள் வந்தான்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறைக் கடை அது. ஆன்லைன் விண்ணப்பம், டைப்பிங், பிரிண்ட் என்று அவள் ஒருத்தியே நடத்தினாள். கரண்ட் போனால் பழைய கம்ப்யூட்டர் அரை மணி நேரத்தில் இன்வெர்ட்டரைக் குடித்துத் தீர்த்துவிடும். போன மாதம் இளையரசனேந்தலிலிருந்து ஒரு பெண் நர்ஸ் வேலைக்குக் கடைசி நாளில் விண்ணப்பம் போட வந்தாள். பாதியில் எல்லாம் அணைந்துபோனது. அந்தப் பெண் சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த பூமாரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சுடலைராஜின் கூட்டாளி காசிராஜன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். "அவன்ட்ட பெரிய பிராசஸர் இருக்கு, கேமெல்லாம் பறக்குமாம். சொல்லி வச்சிட்டேன்" என்றான் சுடலைராஜ்.

"இங்கன யாரு கேம் ஆடுதா?" என்று கேட்டாள் பூமாரி. தன் வேலைக்கு என்ன வேண்டும் என்று பத்து நாள் தேடிப் படித்தாள். கரண்டை அதிகம் இழுக்காத ஆறு வாட் பிராசஸர் போதும். டிபன் டப்பா அளவுப் பெட்டி, மானிட்டரின் முதுகிலேயே மாட்டிக்கொள்ளலாம். கரண்ட் போனாலும் மணிக்கணக்கில் ஓடும். தென்காசிக்குப் போய் அவளே வாங்கி வந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் காசிராஜன் நாலு பேர் முன்னால் சுடலைராஜைப் பார்த்துச் சிரித்தான். "பொண்டாட்டி உன்னைய மதிக்கவே இல்லியே, வே."

"ஏட்டி, யாரைக் கேட்டு வாங்குனே?" என்றான் சுடலைராஜ், கம்பியை ஓங்கியபடி.

"வேலை பாக்குதது நான்தானே."

முதல் அடியில் பிரிண்டர் நொறுங்கியது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்காக உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஜுவைரியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மேசைக்கடியில் கிடந்த பழைய பெட்டியைத்தான் புதுசு என்று நினைத்து அவன் நசுங்கும்வரை அடித்தான். நிமிர்ந்து பார்த்தால் திரை இன்னும் வெளிச்சமாக இருந்தது. கம்பியை மானிட்டர் பக்கம் திருப்பினான். பூமாரி குறுக்கே இடது கையை நீட்டினாள். எலும்பு முறிந்த சத்தம் அவள் காதிலேயே கேட்டது. அடுத்த அடி தோளில் விழுந்தது.

மேசையில் புத்தகம் தைக்கிற பெரிய ஸ்டேப்ளர் இருந்தது. வலது கையால் அதை எடுத்து அவன் மூக்கில் இறக்கினாள். கம்பி தெறித்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தவன் மேல் முழங்காலை ஊன்றி மறுபடி அடித்தாள். ரத்தம் அவள் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் அடித்தாள். ஜுவைரியா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்தாள்.

"விடுங்கக்கா. செத்துருவாரு."

அவனுக்கு மூக்கு உடைந்து இரண்டு பற்கள் போயின. இவள் கையில் கட்டு. மகளிர் ஸ்டேஷனில் புருஷன் பொண்டாட்டி இருவர் மீதும் வழக்குப் பதிந்தார்கள்.

"ஒரு கம்ப்யூட்டருக்காம்மா இவ்வளவும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏழு வருசமா அடிச்சான் மேடம். அப்பல்லாம் கம்ப்யூட்டர் கிடையாது."

சமாதானத்துக்கு அவள் ஒப்பவில்லை. ஜாமீனில் வந்த மறுநாளே கடையைத் திறந்தாள். சாயங்காலங்களில் ஜுவைரியா வந்து டைப் அடித்துக் கொடுத்தாள்.

"அவரு திரும்ப வந்தா பயமா இல்லியாக்கா?"

பூமாரி தன் வலது கையைப் பார்த்தாள். "அன்னைக்கு நீ இழுக்கலேன்னா நான் நிறுத்தியிருக்க மாட்டேன், மக்கா. அதை நெனச்சாத்தான் ஒறக்கம் வரமாட்டேங்கு."

வாசலில் ஒரு பெரியவர் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு நின்றார். ஜுவைரியா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.