மூக்குக் கண்ணாடிக் கடைத் தியாகி

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவருக்குத் தியாகி என்று பெயர் வைத்தது பக்கத்துச் செருப்புக் கடைக்காரர். நாட்டுக்காகச் சிறைக்குப் போனவர் என்று நினைத்துவிட வேண்டாம். இளவயதில் தட்டச்சு வகுப்பில் முன்வரிசைப் பெண் ஒருத்தியைக் காதலித்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வேறொருவரைக் கட்டிக்கொண்டு போனாள். இவர் தாடி வளர்த்தார். தியாகம் முற்றிற்று.

இந்தக் கதையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருந்தார். அவள் போன அன்று லேசாகத் தூறியதாக முதலில் சொன்னார், நாளடைவில் அது பெருமழையாகிவிட்டது. திரும்பியே பார்க்காமல் போன பெண், இப்போதெல்லாம் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். யாராவது தன் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை அவர் பக்கம் நகர்த்துவார்கள். சும்மா சொல்லக்கூடாது, பாடுபட்டு வளர்த்த சோகம்.

கடையில் கண் பரிசோதிக்கிற பெண் மட்டும் மசியவில்லை.

"நீங்க காதலிச்சது அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. தெரியாமலே விட்டுக்கொடுத்தேன்."

"கையில இல்லாததை எப்படிங்க விட்டுக்கொடுக்கிறது?"

செருப்புக் கடைக்காரர் சிரித்துவிட்டார். தியாகிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் முதல், அவள் அறையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் இவருக்கு வேலையே ஓடியது. அவள் வராத நாளில் கடை வெறிச்சென்று கிடந்தது.

ஒரு மாலை, கடை சாத்தும் நேரத்தில் அவளே வந்து நின்றாள்.

"வீட்ல எனக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து எங்கப்பாகிட்ட பேசுறீங்களா?"

வருகிறேன் என்ற சொல் நுனிநாக்குவரை வந்துவிட்டது. அதற்குள் பாழாய்ப்போன மனசு குறுக்கே விழுந்தது. கல்யாணமாகி, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தால் அப்புறம் யார் தியாகி? ஊரில் இருக்கிற சாதாரணப் புருஷன்களில் இவரும் ஒருவர், அவ்வளவுதானே. தாடியைத் தடவிக்கொண்டார்.

"என் மனசு செத்துப் பல வருஷம் ஆச்சுங்க."

"அப்படியா. எனக்கு உயிரோட இருக்கிறவர்தான் வேணும்," என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இன்னொரு தரம் கேட்பாள் என்று காத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைதான் வந்தது. கல்யாணம் முடிந்த கையோடு அவள் வேலையையும் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் வலித்தது. தாடிக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லாத வலி. சோறு இறங்கவில்லை. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் விளக்கு எரிகிறதா என்று கண் தானாகப் போனது. தாங்க முடியாமல் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

யாரும் உச்சுக் கொட்டவில்லை.

"அவங்களே வந்து கேட்டாங்க. உனக்கும் ஆசை. ஆனா வேணாம்னுட்ட," என்றார் செருப்புக் கடைக்காரர். "இதுக்குப் பேரு தியாகமாப்பா? கேனத்தனம்." பிறகு கொஞ்சம் இரங்கி, "அதை விடு. புதுசா வந்த காசாளர் உன் தட்டச்சு வகுப்புக் கதையைக் கேட்டதே இல்லையாம். அதைச் சொல்லு," என்றார்.

தியாகி சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே குரல் உடைந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். காசாளருக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாகச் சொன்னதே இல்லை என்று செருப்புக் கடைக்காரர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.