எட்டு பத்து வண்டி மண்ணில் இறங்கியது

எங்கள் வண்டியின் பெயர் ஸ்ரீ மங்கலம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற தனியார் பஸ். நான் கண்டக்டர் சார்லஸ். டிரைவர் கோவிந்தசாமி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்த மனிதர் எந்த வண்டிக்கும் வழி விட்டதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி, பன்னிரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் ரூட்டில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி, இன்னொரு பஸ்ஸுக்காக எந்த வண்டி தன் இடது சக்கரத்தைத் தார் ரோட்டிலிருந்து மண்ணில் இறக்குகிறதோ, அது தோற்ற வண்டி. சாயந்திரம் ஸ்டாண்டுக்கு வந்ததும் ஜெயித்தவர்கள் ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து, தோற்ற வண்டியின் முன்கண்ணாடிக்கு உள்ளே, பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு வாரம் அதை எடுக்கக் கூடாது. டீக்கடைக்காரன்கூட அந்த டிரைவருக்குக் கடைசியாகத்தான் டீ கொடுப்பான். எங்கள் பிள்ளையார் பக்கத்தில் மண் விழுந்ததே இல்லை.

2007 தை மாதம் வில்லங்கம் வந்தது. உத்திராபதி டிரான்ஸ்போர்ட் என்று புதிதாக ஒரு வண்டி எங்கள் ரூட்டில் இறங்கியது. எங்கள் பர்மிட்டிலும் கிளம்பும் நேரம் காலை எட்டு பத்து, அவர்கள் பர்மிட்டிலும் காலை எட்டு பத்து. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வண்டியின் டிரைவர் ராஜவேல், மேல்பட்டாம்பாக்கத்துப் பையன், இருபத்தாறு வயது, கூலிங் கிளாஸ். தினம் காலையில் அவனும் கோவிந்தசாமியும் ஸ்டாண்டில் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். பத்து நாளில் எனக்கு மூன்று யூனிஃபார்ம் கிழிந்தது. நான் சண்டையே போடவில்லை, விலக்கிவிடப் போனேன், அவ்வளவுதான்.

ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர் அன்வர் பாய். மாடியில் அவருக்கு ஒரு வீடியோ கேம் கடையும் உண்டு. ஒருநாள் பொறுமை போய், விசிலை மேஜைமேல் வீசினார்.

"ஏம்பா, தெனம் ரோட்டுல அடிச்சிக்கிறீங்களே, ஜனங்க பாக்குறாங்கள்ல? மாடிக்கு வாங்க. டிவியில சண்டை கேம் இருக்கு, அதுல அடிச்சிக்குங்க. யாருக்கும் ரத்தம் வராது. அஞ்சு ரவுண்டு. மூணு ஜெயிச்சவனுக்கு எட்டு பத்து. தோத்தவனுக்கு எட்டு இருவத்தஞ்சி."

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். இரண்டு முதலாளிகளும் முத்திரைத்தாளில் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். வடலூர் தைப்பூசத்துக்கு ஸ்பெஷல் ஓட்டி முடித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று முடிவானது. இரண்டு வாரம் அவகாசம்.

முதலாளிக்கு எட்டு பத்து என்றால் கூட்டம். கோவிந்தசாமிக்கு அது வேறு. அவர் மகள் இசைவாணி சிதம்பரத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்தாள். ஒன்பதரைக்கு வகுப்பு. காலையில் செம்மண்டலத்து வீட்டிலிருந்து இருவரும் மொபெட்டில் வருவார்கள். எஞ்சின் பக்கத்து ஒற்றை சீட் அவளுடையது. அவர் ராத்திரி வீடு போய்ச் சேரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஆக, வண்டியில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் மகளைப் பார்ப்பது. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவள் படிப்பாள், இவர் ஹாரன் அடிப்பார். எட்டு இருபத்தைந்துக்குக் கிளம்பினால் வகுப்புக்கு நேரமாகிவிடும். எட்டு பத்து கைவிட்டுப் போனால், அவள் ராஜவேல் வண்டியில்தான் போயாக வேண்டும்.

"எம் பொண்ணு அவன் வண்டியில கம்பிய புடிச்சிக்கினு நிப்பாளா மாப்ள?" என்று கேட்டார். எனக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் மதியமே மாடிக்குப் போனோம். ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல ஹாரன் எங்க இருக்கு?"

இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. ஆட்களில் ஒருத்தனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சிவப்புக் கால்சட்டை போட்ட, மொட்டைத் தலை குண்டனைத் தேர்ந்தெடுத்தார். "இவன்தான் நம்ம வண்டி மாதிரி இருக்கான், லோடு தாங்குவான்" என்றார். எதிரி நான். சண்டை தொடங்கியதும் குண்டனை நேராக என்மேல் ஓட்டிக்கொண்டு வந்தார். நான் ஒரு உதை விட்டேன், விழுந்தான். எழுந்து நேராக வந்தான், மறுபடி உதைத்தேன். இப்படியே முப்பது ஆட்டம். குண்டன் வாங்கிய உதையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"மாமா, மேல் அம்பு பட்டன ரெண்டு தட்டு தட்டினா பக்கவாட்டுல ஒதுங்கிடலாம்" என்றேன்.

"ஒதுங்கறதா? நானா?" என்று எழுந்து நின்றுவிட்டார். ஸ்டாண்டில் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை வண்டி கிளம்புமுன் இசைவாணி விஷயத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். புத்தகத்தை மூடினாள்.

"அப்பா, அந்த கேம் எனக்கு நல்லா ஆடத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்வர் மாமா பொண்ணு அம்ரீன் என் கிளாஸ்தானே. அவுங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. குரூப் ஸ்டடி."

கோவிந்தசாமி என்னைப் பார்த்தார். போன வருஷம் முழுக்க நடந்த குரூப் ஸ்டடிக்கு அவர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அன்றிலிருந்து எஞ்சின் மூடிமேல் ஒயர் இல்லாத ஒரு பழைய ஜாய்ஸ்டிக் ஏறியது. ஸ்டாண்டில் நிற்கும்போதும் ரயில்வே கேட் மூடியிருக்கும்போதும் பாடம் நடக்கும். அவள் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவாள், அவர் இரண்டு தட்டு தட்ட வேண்டும்.

"சீக்கிரமா ஒதுங்கிட்டீங்கப்பா. அவன் அடிக்கறதுக்கு முன்னாடியே நகர்ந்தா, அவனும் நம்ம பக்கம் திரும்பிடுவான். அவன் கைய நீட்டட்டும். நீட்டின பொறவு அவனால திரும்ப முடியாது. அப்ப நகருங்க. அடி காத்துல போவும்."

"அது வரைக்கும்?"

"அவனையே பாத்துக்கினு இருங்க."

"ஹாரன் அடிக்காமயா?"

"ஹாரன் அடிக்காம. இன்னொண்ணு, கால சுத்தி வீசினான்னா ஒதுங்காதீங்க, அதுல போயி நீங்களே மாட்டிக்குவீங்க. அதுக்கு நின்னு தாங்கணும். நேரா வர்றதுக்குத்தான் ஒதுங்கறது."

வண்டியில் இருந்த ஜனங்களுக்கும் பாடம் பிடித்துப்போயிற்று. அவள் கை நீட்டினால் பின்சீட்டு வரை "இப்ப!" என்று கத்துவார்கள். பூ விற்கிற தில்லையம்மாள் மட்டும் ஒவ்வொரு தடவையும் முந்திக் கத்தி, அவர் ஒதுங்குவதைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் அப்பாவும் மகளும் பேசியது, அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் பேசியதைவிட அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. இரண்டு முதலாளிகளும் மாலையோடு வந்திருந்தார்கள். இசைவாணி படிக்கட்டில் நின்றாள், வாய் திறக்கக் கூடாது என்று அன்வர் பாய் உத்தரவு. ராஜவேல் ஒட்டடைக்கம்பு மாதிரி காலுள்ள ஒருத்தனைத் தேர்ந்தெடுத்தான். நேராக நெஞ்சில் உதைப்பதுதான் அவன் வித்தை.

முதல் இரண்டு ரவுண்டும் ராஜவேலுக்குப் போயின. கோவிந்தசாமியின் கால் கிளட்ச்சைத் தேடி என் செருப்பை மிதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது ரவுண்டில் முதல் தடவையாக ஒதுங்கினார். குண்டனோடு சேர்ந்து தானும் பெஞ்சில் இடப்பக்கம் சாய்ந்ததில் நான் கீழே விழுந்தேன். ஒட்டடைக்கம்பின் உதை காற்றில் போனது. குண்டன் பக்கத்திலிருந்து ஒரு குத்து விட்டான். கடையே அதிர்ந்தது. அந்த ரவுண்டும் நான்காவதும் எங்களுக்கு. இரண்டு தடவையும் நான் தரையில்தான் இருந்தேன்.

ஐந்தாவது ரவுண்டில் ராஜவேல் சுதாரித்துக்கொண்டான். காலைச் சுற்றி வீசினான். கோவிந்தசாமி ஒதுங்கப் போய் வாங்கிக்கட்டிக்கொண்டார். மறுபடி வீசினான், இந்தத் தடவை நின்று தாங்கினார். இரண்டு பேருக்கும் இன்னும் ஒரு அடிதான் பாக்கி. அவன் காத்திருந்தான். இவரும் கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் எதற்காகவும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. ராஜவேலுக்குத் தாங்கவில்லை, நேராக உதைத்தான். இரண்டு தட்டு, ஒரு குத்து. நான் எழுந்து பார்க்கும்போது அவருக்கு மாலை விழுந்திருந்தது. படிக்கட்டில் இசைவாணி குதித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை எட்டு பத்துக்கு விசில் கொடுத்தேன். ஓ.டி. என்கிற பழைய டவுனைத் தாண்டியதும் எதிரே ஒரு மணல் லாரி வந்தது. நான் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். ஹாரன் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால் கோவிந்தசாமி லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கிட்டத்தில் வந்ததும், அலுங்காமல் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபடி ரோட்டுக்கு வந்தார்.

"மாமா, என்ன இது?"

"தெரியல மாப்ள. கை அதுவா போவுது" என்றார்.

டிராக்டருக்கு ஒதுங்கினார். கரும்பு வண்டிக்கு ஒதுங்கினார். சைக்கிளில் வந்த தபால்காரருக்கு ஒதுங்க, அவர் பயந்துபோய் வாய்க்காலில் இறங்கிவிட்டார். ஆலப்பாக்கத்தில் ஒரு ஆட்டு மந்தைக்காக வண்டியை முழுசாக மண்ணில் இறக்கி நிறுத்தினார். அந்த நேரத்தில் ராஜவேலின் எட்டு இருபத்தைந்து எங்களைத் தாண்டிப் பறந்தது. ஆட்டுக்குத்தான் ஒதுங்கினோம், பஸ்ஸுக்கு இல்லை என்பதால் அது கணக்கில் வரவில்லை. தோற்ற வெறியில் அவன் ஒன்பது இருபதுக்கே சிதம்பரம் போய்விட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒன்பது ஐம்பத்திரண்டு. இசைவாணிக்கு ஒரு டெஸ்ட் போய்விட்டது.

"பழைய மாதிரி ஓட்டு மாமா" என்று திரும்பும்போது கெஞ்சினேன்.

"முடியல மாப்ள. வர்றவன பாத்துக்கினே இருக்கச் சொல்லிச்சா பொண்ணு, பாத்தேன். எல்லா வண்டியிலயும் உள்ள ஒரு ஆளு இருக்கான். இத்தினி வருஷம் எனக்கு வண்டிதான் தெரிஞ்சிது."

நான் டிக்கெட்டை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை இசைவாணி வண்டியில் ஏறவில்லை. டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"இன்னிக்கும் டெஸ்ட் இருக்குப்பா. நான் பின்னால வர்ற வண்டியில வரேன். அது முன்னாடி போயிடும்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோவிந்தசாமி ஜன்னல் வழியே குனிந்தார்.

"சரிம்மா. நல்லா எழுது" என்றார்.

எந்த எட்டு பத்துக்காக அத்தனை உதை வாங்கினாரோ, அது அந்த ஒற்றை சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு கிளம்பியது. அதில் உட்காரப் போன ஒரு ஆளை நான் சத்தம் போட்டு எழுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்டான், சீட்டு ரிப்பேர் என்றேன்.

புதுச்சத்திரத்துக்கு முன்னால் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. ராஜவேல்தான். ரோட்டில் ஒற்றை ஆடுகூட இல்லை. வண்டியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "உடாதீங்க டிரைவரே! மண்ணு வெச்சிடுவானுங்க!" என்று கத்தினார்கள். தில்லையம்மாள் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். கோவிந்தசாமி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியின் மூக்கு எங்கள் பின்சக்கரத்துக்கு நேரே வரும்வரை பொறுத்தார். பிறகு இண்டிகேட்டர் போட்டு, இடது சக்கரத்தை மெதுவாக மண்ணில் இறக்கினார்.

உத்திராபதி தாண்டிப் போனது. இரண்டாவது ஜன்னலில், கம்பியைப் பிடித்து நின்றபடி இசைவாணி எங்களைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு தட்டிக் காட்டினாள்.

கோவிந்தசாமி வண்டியை நிறுத்தி இறங்கினார். குனிந்து ரோட்டோரத்தில் ஒரு பிடி மண் அள்ளினார். ஏறி வந்து அதைத் தானே பிள்ளையார் பக்கத்தில் வைத்து, விரலால் ஒழுங்குபடுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப சரியான நேரத்துல ஒதுங்கினேனா மாப்ள?"

"சரியான நேரம் மாமா."

"அப்ப விசில் குடு. அவளுக்கு டெஸ்ட்டு ஒம்போதரைக்கு, போய்ச் சேந்துடுவா."