ஆனியின் போனில் ஒலிக்கும் பெயர்கள்

ஆனிக்கு முப்பத்திரண்டு வயதானபோதுதான் தன்னுடைய குணத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியவந்தது. யாரும் சொல்லித் தெரியவில்லை. டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது தானாகத் தெரிந்தது.

நெய்வேலி மெயின் பஜாரில் மருதாசலம் நடத்திய சின்ன அச்சகத்தில் அவள் டி.டி.பி. வேலை பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று எது வந்தாலும் தமிழிலும் இங்கிலீஷிலும் மடமடவென்று அடித்துவிடுவாள். தப்பும் அதே வேகத்தில் வரும். ஒருமுறை பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் வரவேண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா பெயரை அடித்துவிட்டாள். நடுவில் போன் ஒரு தடவை 'டிங்' என்றது, எடுத்துப் பார்த்தாள், திரும்பி வந்தாள், அவ்வளவுதான். நானூறு பத்திரிகை அச்சாகி, மடித்து, மஞ்சள் தடவிய பிறகுதான் யாரோ கவனித்தார்கள். மருதாசலம் ஒரு வார்த்தை திட்டவில்லை. "உடுங்க அம்மிணி, மறுக்கா அடிச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்த மாதத்திலேயே சிதம்பரத்தில் சைக்காலஜி படிக்கும் ஒரு பெண் தன்னுடைய ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யக் கொடுத்துவிட்டுப் போனாள். கவனக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றியது. ஏ.டி.எச்.டி. என்று பெயர் போட்டிருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அறிகுறிகளின் பட்டியல் ஒன்று வந்தது. சாமான்களைத் தொலைப்பது, கேள்வி முடியுமுன் பதில் சொல்வது, ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது, சொன்ன நேரத்துக்குப் போகமுடியாமல் தவிப்பது. ஆறாவது வரியில் ஆனியின் கை நின்றுவிட்டது. யாரோ தன்னைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே எழுதியதுபோல் இருந்தது.

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். கணவன் ஜாஸ்பர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூடவே வந்தான். அவனுக்குச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. அதிகம் பேசாதவன். டாக்டர் ரொம்ப நேரம் கேள்வி கேட்டார், அவளுடைய பள்ளிக்கூட நாட்களைப் பற்றியெல்லாம் விசாரித்தார். கடைசியில், "இது சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்லம்மா. உங்க கவனம் அப்படித்தான் ஓடும். மாத்திரை தர்றேன். ஆனா அந்தப் போன் சத்தத்தை முதல்ல குறைங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் வடலூர் வரும்வரை ஆனி சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள். ஜாஸ்பர் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

டாக்டர் சொன்னதை ஆனி அப்படியே பிடித்துக்கொண்டாள். போனில் புதிதாக ஒரு ஆப்பை இறக்கினாள். அதைப் போட்டதும் வண்ண வண்ணப் படங்களெல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஐந்தே ஐந்து வார்த்தைகள் நின்றன: போன், மெசேஜ், கேமரா, அலாரம், மேப். மற்றதெல்லாம் உள்ளே எங்கோ போய்விட்டது. பிறகு ஒவ்வொரு ஆப்பாகப் போய் அறிவிப்புகளை நிறுத்த ஆரம்பித்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று. ஒரே சாயங்காலத்தில் முடிய வேண்டிய வேலைக்கு மூன்று நாள் பிடித்தது. புடவைக் கடை ஆப்பை நிறுத்தப் போனவள் புடவை பார்த்துவிட்டு வந்தாள். சமையல் ஆப்பை நிறுத்தப் போனவள் வாழைப்பூ வடை வரைக்கும் போய்விட்டாள்.

வாட்ஸப்தான் பெரிய தலைவலி. குவாட்டர்ஸ் பிளாக் பெண்கள் குழு, கோவில் பாடகர் குழு, பள்ளிக்கூட அம்மாக்கள் குழு, சொந்தக்காரர்கள் குழு இரண்டு. காலையில் ரோஜாப்பூ, ராத்திரி நிலா. அதன் வாயை முழுசாக அடைத்தாள். மதியம் ஒரு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, தானாகத் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். சாதா கால்கூட மூன்று நம்பர்களிலிருந்து வந்தால் மட்டும் ஒலிக்கும்படி செய்தாள்.

"என்னா ஆனி இது, போனா ஸ்கூல் போர்டா?" என்று ஜாஸ்பர் சிரித்தான்.

ஆனால் வேலை செய்தது. மூன்று வாரம் அச்சகத்தில் ஒரு தப்பும் இல்லை. ஒரு வரியைத் தொடங்கி அதே வரியை முடிப்பது எவ்வளவு நிம்மதியான காரியம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான்காவது வாரம் நித்யா ஊருக்கு வந்தாள்.

நித்யாவும் ஆனியும் ஒரே பிளாக்கில் வளர்ந்தவர்கள், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. நித்யாவின் அப்பா ரிட்டயர் ஆனதும் குவாட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போய்விட்டார்கள். கல்யாணம் ஆகி நித்யா நாக்பூர் போனாள். நான்கு வருடம் கழித்து இப்போதுதான் குழந்தையோடு வந்திருந்தாள். புதன்கிழமை பதினோரு மணிக்கு நெய்வேலி வருவதாகவும், பழைய பள்ளிக்கூடத்தில் டி.சி. நகல் வாங்க வேண்டியிருப்பதாகவும், ஆனி கூட வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். ஆனி மருதாசலத்திடம் பெர்மிஷன் கேட்டுவிட்டாள். அலாரம் வைத்துவிட்டாள். மறந்துவிடக் கூடாது என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதியும் வைத்தாள்.

புதன்கிழமை பத்தே முக்காலுக்கே, வெளியூர் பஸ்கள் நிற்கும் ஆர்ச் கேட்டில் போய் நின்றாள். பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தாள். நித்யா நம்பருக்குப் போட்டாள், எடுக்கவில்லை. ஒரு மணி ஆகவில்லையென்று வாட்ஸப்பைத் தொடவில்லை. சரி, குழந்தையை வைத்துக்கொண்டு லேட்டாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வழக்கமாகக் காக்க வைப்பது ஆனிதான். இன்றைக்குத் தான் முதலில் வந்து நிற்பதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. பன்னிரண்டரைக்கு வேறு வழியில்லாமல் அச்சகத்துக்குத் திரும்பினாள்.

ஒரு மணிக்கு வழக்கப்படி வாட்ஸப்பைத் திறந்தாள். நித்யாவிடமிருந்து ஏழு செய்திகள் இருந்தன.

முதல் செய்தி காலை ஏழே காலுக்கு வந்திருந்தது. 'ஆபீஸ்ல கிளார்க் பத்து மணி வரைக்கும்தான் இருப்பாராம்டி. ஒம்பது மணிக்கே வந்துடறேன். ஆர்ச் கேட்ல நில்லு.' பிறகு, 'வந்துட்டேன்.' பிறகு, 'எங்க இருக்க?' பிறகு வாட்ஸப்பிலேயே இரண்டு கால், இரண்டும் எடுக்கப்படாமல். போன் ஒரு முனகல்கூட முனகவில்லை. அந்தக் கால்களும் அவள் அடைத்த வாய்க்குள்ளேயே அடங்கிப் போயிருந்தன. பிறகு, பள்ளிக்கூட கேட்டின் போட்டோ. கடைசியாக, 'சரி. பஸ் ஏறிட்டேன்.'

பத்தே முக்காலுக்கு அவள் பெருமையாக வந்து நின்றபோது, நித்யா போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

ஆனி நீளமாக ஒரு பதில் அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். கடைசியில் 'சாரிடி, நான் பாக்கல' என்று மட்டும் அனுப்பினாள். டிக் நீலமானது. பதில் வரவில்லை.

சாயங்காலம் நடந்ததை ஜாஸ்பரிடம் சொன்னாள். "மறக்கக் கூடாதுன்னுதானேங்க எல்லாத்தையும் ஆஃப் பண்ணேன்? மறக்கவும் இல்லீங்க. அவ கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிச்ச அப்புறம்தான் போனேன். ஸ்கூல்ல அவ ரெக்கார்டு நோட்டை வாங்கித் தொலைச்சேன். இன்னிக்கு ஒரு நாளாவது ஒழுங்கா போய் நின்னேன்."

"அவங்க கிட்ட இதெல்லாம் சொன்னியா?"

"எதை?"

"டாக்டர் சொன்னதை."

வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்கே கோபத்தில் எல்லா அறிவிப்புகளையும் திறந்துவிட்டாள். நிறுத்த மூன்று நாள் ஆனது, திறக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, 'நாலு மணிக்கு உன் வூட்ல இருப்பேன்' என்று நித்யாவுக்கு அனுப்பிவிட்டுப் பண்ருட்டி பஸ் ஏறினாள்.

பஸ் முத்தாண்டிக்குப்பம் தாண்டுவதற்குள் போன் இருபது தடவை கத்தியது. ஒவ்வொன்றும் நித்யாவாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தாள். பாடகர் குழுவில் யாருக்கோ பிறந்தநாள். அம்மாக்கள் குழுவில் தண்ணீர் பாட்டில் காணவில்லை. பண்ருட்டியில் இறங்கி நெல்லிக்குப்பம் போகும் பஸ் மாறினாள். அதிலும் கத்தல் ஓயவில்லை. யாரோ கல்யாண வீடியோ அனுப்பியிருந்தார்கள். நித்யாவிடமிருந்து ஒன்றும் வராத துக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்தபோது கண்டக்டர், "நெல்லிக்குப்பம் எறங்குறவங்க வாங்க" என்று கூவினார். மேல்பட்டாம்பாக்கம் எப்போதோ போய்விட்டிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. போனை முழுசாக அணைத்துப் பைக்குள் போட்டாள்.

நித்யா வீட்டு வாசலுக்கு வந்து சேர ஐந்தரை ஆகிவிட்டது. நித்யா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆனியைப் பார்த்ததும் கையில் துணியோடு நின்றாள்.

"இன்னிக்குமாடி?" என்றாள்.

"நெல்லிக்குப்பம் வரைக்கும் போயிட்டேன்."

"ஏன்?"

"போன் பாத்துகினே இருந்துட்டேன்."

நித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. "புதன்கிழமை போனே பாக்கல. இன்னிக்கு போனை பாத்துகினே ஊரைத் தாண்டிட்ட. நீ என்னா ரகம்டி?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இரண்டு பேரும் பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்கள். நித்யாவின் அம்மா சின்னம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பேச்சு நடக்கட்டும் என்று உள்ளே போய்விட்டாள். ஆனி எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பா பெயரிலிருந்து தொடங்கி, நாற்பத்தொன்றாம் பக்கம், டாக்டர், மாத்திரை, பசியெடுக்காமல் போனது, கறுப்புத் திரை, ஒரு மணி, ஆறு மணி. வழக்கம்போல முன்னும் பின்னுமாகத்தான் சொன்னாள். நித்யா குறுக்கே பேசவில்லை.

"பேரு வெச்சுட்டா சரியாயிடுமா?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆகாது. ஆனா வேணும்னு செய்யலன்னு எனக்காவது தெரியுதில்ல."

நித்யா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரே துண்டை மூன்று தடவை மடித்தாள். "நான் ஏன் உன்னைக் கூப்பிட்டேன் தெரியுமா? பி.எட். சேரலாம்னு இருக்கேன். பன்னெண்டு வருஷம் கழிச்சு. அந்த ஆபீஸ்ல போய் நின்னா, எதுக்கு இப்போன்னு கேப்பாங்க. கேட்டாங்க. பதில் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ பக்கத்துல இருந்தா நீயே முந்திகினு ஏதாவது சொல்லியிருப்ப. எப்பவும் அப்படித்தானே செய்வ?"

ஆனியின் அம்மாவும் வாத்தியார்களும் வாழ்நாள் பூராவும் திட்டிய குணம் அது. அதற்காக ஒருத்தி ஆர்ச் கேட்டில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"டி.சி. குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"அடுத்த வாரம் வரச் சொன்னாங்க."

"வர்றேன். எத்தனை மணி சொல்றியோ அதுக்கு முந்தியே வந்து நிக்கிறேன்."

"பாக்கலாம்" என்றாள் நித்யா. பிறகு கையை நீட்டினாள். "எங்க, அந்தப் போனைக் காட்டு."

ஆனி போனை உயிர்ப்பித்துக் கொடுத்தாள். பைக்குள் அடங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தத் தொடங்கியது. நித்யா திடுக்கிட்டு அதைத் தூரப் பிடித்தாள். "அய்யோ, இதை வெச்சுகினு எப்படிடி மனுஷங்க வேலை பாக்கறது?" முன்பு யார் யாருக்கு ஒலிக்கும்படி வைத்திருந்தாள் என்று கேட்டாள். ஆனி சொன்னாள்: ஜாஸ்பர், மகளுடைய பள்ளிக்கூடம், மருதாசலம்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

கேட்டுவிட்டு நித்யா வேறு பக்கம் பார்த்தாள். ஆனி, "இப்பவே போடறேன்" என்று அவசரமாகப் போனை வாங்கினாள்.

"வேணாம், இரு. நான் ஒரு நாளைக்குப் பத்து ஃபார்வர்டு அனுப்பறவ. என் மெசேஜ் சத்தம் போட்டா நீ மறுபடி நெல்லிக்குப்பம்தான் போவ." போனை மறுபடி தன் கையில் வாங்கிக்கொண்டாள். "கால் மட்டும் அடிக்கிற மாதிரி வை. வாட்ஸப் கால் இல்ல, சாதா கால். அவசரம்னா நான் கூப்பிடறேன். மத்ததை நீ ஒரு மணிக்கே பாரு. பதில் வரலன்னா நான் கோச்சுக்க மாட்டேன்."

இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு, இருட்டும்வரை உட்கார்ந்து ஒவ்வொரு ஆப்பாக மறுபடி நிறுத்தினார்கள். ஆனி புடவை பார்க்கப் போகும்போதெல்லாம் நித்யா அவள் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். இந்தத் தடவை முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அடுத்த வாரம் ஆனி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஏழு நிமிஷம் லேட். கிளார்க் நித்யாவிடம், "எதுக்கும்மா இப்போ?" என்று கேட்டு வாய் மூடுவதற்குள், "டீச்சர் ஆகப் போறாங்க சார், நாளைக்கு உங்க பேரப்பிள்ளைக்கே பாடம் நடத்துவாங்க" என்று சொல்லிவிட்டாள். கிளார்க் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கப் போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சொந்தக்காரர்கள் குழுவில் பதில் போடுவதில்லை என்று ஜாஸ்பரின் அண்ணி இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிளாக் பெண்கள் சிலர் ஆனிக்குத் தலைக்கனம் என்று நினைக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை தண்ணீர் வராது என்ற செய்தியை ஆனி ஆறு மணிக்குத்தான் பார்த்தாள்; வீட்டில் ஒரு குடம்கூடப் பிடித்து வைக்காததால் ஜாஸ்பர் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குளித்துவிட்டு ஷிப்டுக்குப் போனான். அச்சகத்திலும் அந்த வருடம் இரண்டு தப்பு நேர்ந்தது. மருதாசலம் இரண்டையும் அச்சுக்குப் போகுமுன் பிடித்துவிட்டார். இப்போதெல்லாம் அவளே அவரிடம் கொண்டுபோய் ஒரு தடவை பார்த்துக் கொடுக்கச் சொல்கிறாள். முன்பெல்லாம் கேட்க வெட்கமாக இருந்தது.

நாக்பூரிலிருந்து நித்யா ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து ஆனி வீடு திரும்பும் நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். சில வாரம் கூப்பிட மாட்டாள். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனி தானாகவே போட்டாள்.

"என்னாடி விசேஷம்?" என்றாள் நித்யா.

"ஒண்ணுமில்ல. சும்மா."

நித்யா தன் முதல் அசைன்மென்ட்டில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னாள். மாமியார் மூட்டுவலியைச் சொன்னாள். அங்கே நல்ல கத்திரிக்காய் கிடைக்காததைச் சொன்னாள். ஆனி நடுநடுவே குறுக்கே பேசினாள், பேச்சை எங்கெங்கோ கொண்டுபோனாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜாஸ்பர் மகளுக்குச் சோறு போட்டுவிட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு, ஆனிக்கு ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தான்.