திரைச்சீலை வில்லைகள்

புதன்கிழமை எடை பார்க்கும் நாள். சுகாதார நிலையத்தின் பின்னறையில் காலை எட்டரைக்கே அம்மாக்கள் கூட்டம் நெருக்கியடித்தது. இருபது வருடமாகத் தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பதால், அங்கே வேலை செய்யும் அந்த அம்மாவுக்கு எடையக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

குண்டனின் முறை வந்தது. பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்ததால் வீட்டில் வைத்த பெயர். இப்போது ஒன்றேமுக்கால் வயது, குச்சி மாதிரி இருக்கிறான். அவன் அம்மா திரைச்சீலைக் கடையில் தையல்காரி. பையனை ஜாக்கெட்டோடு தராசில் உட்கார வைத்தாள்.

எட்டு கிலோ இருநூறு கிராம்.

"பாத்தீங்களாக்கா! போன மாசத்தவிட இருநூறு கூட."

எடையக்காவுக்கும் சந்தோஷம்தான். எழுதப்போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று ஜாக்கெட் கையை மேலே தள்ளி, கைச்சுற்றளவு பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். பட்டை சிவப்பில் நின்றது, ஆபத்தான மெலிவு.

"எடை ஏறியிருக்கு, கை மட்டும் செவப்புல நிக்குதே?"

"அது அவங்கப்பா கைக்கா. அவருக்கும் ஒல்லிதான்."

"அவருக்கு அப்புறம் சுத்திப் பாக்கறேன். ஜாக்கெட்டக் கழட்டு."

"சளி புடிச்சிருக்குக்கா, குளிரும்."

"ஃபேன நிறுத்துறேன். கழட்டு."

"சீக்கிரம் கழட்டும்மா, நாங்களும் வேலைக்குப் போகணும்ல?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

ஜாக்கெட்டை மேசையில் வைத்தபோது டொக் என்று சத்தம் கேட்டது. எடையக்கா அடிமடிப்பைத் தடவிப் பார்த்தாள். காசு காசாய் எட்டு வில்லைகள், ஒரே இடைவெளியில், நூல் தெரியாமல் தைக்கப்பட்டிருந்தன.

"என்னடி இது?"

"ஈய வில்லைக்கா. திரை காத்துல பறக்காம இருக்க அடியில வச்சுத் தைப்போம்."

"இவன் புள்ளடி, ஜன்னல் இல்ல!"

கூட்டம் சிரித்தது. தையல்காரி சிரிக்கவில்லை. துணியில்லாமல் எடை போட்டால் ஏழு கிலோ எண்ணூறு. இரண்டு மாதத்துக்கு முன்னால் இருந்த அதே எடை.

"எடை ஏறலன்னா ஆஸ்பத்திரி வார்டுல ரெண்டு வாரம் இருக்கணும்னு சொன்னீங்க. ரெண்டு வாரம் நான் போகலன்னா முதலாளி என் மிஷின்ல வேற ஆள உக்கார வச்சிடுவாரு. இவங்கப்பாவுக்கு வேலையில்லாத நேரம், என் வேலையும் போச்சுன்னா இவனுக்கு எதக் குடுப்பேன்?"

"போன மாசம்?"

"அப்ப நாலுதான் வச்சேன்."

எடையக்காவுக்குச் சுருக்கென்றது. போன மாதம் கூட்டம் அதிகம் என்று அவள் பட்டையே போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே சிவப்பு காட்டியிருக்கும். ஒரு மாதம் வீணாய்ப் போயிருக்கிறது.

"தப்பு உன்னோடது மட்டும் இல்ல. போன தடவ நானும் சரியாப் பாக்கல," என்றாள். "வயித்தால போகுதா?"

"பத்து நாளைக்கு ஒருதரம் போகுது. அப்ப கஞ்சித் தண்ணியோட நிறுத்திக்குவேன். வயிறு ஓயட்டும்னு."

"ஜிங்க் மாத்திர பதினாலு நாளைக்குக் குடுத்தேனே?"

"மூணாம் நாளே நின்னுடுச்சு. நிறுத்திட்டேன்."

"நின்னாலும் பதினாலு நாள் குடுக்கணும், திரும்பத் திரும்ப வராம இருக்கத்தான். வயித்தால போறப்ப சோறு நிறுத்தக் கூடாது, அப்பதான் இன்னும் வேணும். பட்டினி போட்டா எங்கேருந்து எடை ஏறும்?"

பையனின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழவில்லை, வீக்கம் இல்லை. காய்ச்சலும் இல்லை. அலமாரியிலிருந்து சத்துப் பசை பாக்கெட் ஒன்றை எடுத்தாள்.

"அரை மணி நேரத்துல இதுல பாதிய அவனா இஷ்டப்பட்டுச் சாப்பிட்டா வீட்டுலயே பாத்துக்கலாம், வாராவாரம் வா. சாப்பிடலன்னா வார்டுதான், அதுல நான் விட்டுக்குடுக்க முடியாது. திணிக்காத."

தையல்காரி விரலில் தொட்டு நீட்டினாள். பையன் முகத்தைத் திருப்பினான். கெஞ்சினாள், கொஞ்சினாள். வரிசையே கழுத்தை நீட்டி அவன் வாயைப் பார்த்தது. பதினைந்து நிமிடத்தில் ஒரே ஒரு தடவைதான் நக்கினான்.

"எல்லாரும் வெளிய போய் நில்லுங்க! இங்க என்ன சினிமாவா ஓடுது?" என்று விரட்டினாள் எடையக்கா. அம்மாவிடம் திரும்பி, "நீயும் கண்ணக் கசக்காத. அவன் கையக் கழுவி, பாக்கெட்ட அவங்கிட்டயே குடு," என்றாள்.

பையன் பாக்கெட்டை அமுக்கினான். பசை மூக்கில் அப்பியது. நக்கினான். மறுபடி அமுக்கினான். அப்புறம் மூலையை வாயில் வைத்து உறிஞ்ச ஆரம்பித்தான். இருபத்தாறாம் நிமிடம் எடையக்கா பாக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. பிடுங்கியதற்குப் பையன் ஊரைக் கூட்டினான்.

"அழட்டும். இந்த அழுகைதான் வேணும்."

பதிவேட்டில் போன மாத எடையை அடித்து, 'துணியோடு எடுத்தது, தவறு' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். வில்லைகளைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

"இதத் தொட்டாக் கையக் கழுவு, ஈயம். அவன் வாயில போட்டா எடைய விடப் பெரிய வம்பு."

"சரிக்கா. கடையில ஒரு திரை இது இல்லாமப் பறந்துக்கிட்டிருக்கு."

அடுத்த புதன்கிழமை தையல்காரி வாசலிலேயே பையன் துணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"சோதனை போட்டுக்கோங்கக்கா."

எட்டு கிலோ.

எடையக்கா உடனே எழுதவில்லை. பட்டையை எடுத்துக்கொண்டு, "கைய நீட்டுடா குண்டா," என்றாள்.